வாண்டில் ஆற்றையும் பாடத்தில் சேருங்கள்: தென்மேற்கு லண்டன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்மேற்கு லண்டனில் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகிகளுக்கும், வார இறுதி ஓய்வை விட்டுவிட்டு வந்து படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும், பெற்றோர் சங்கங்களுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். டூட்டிங், மிட்சம், கொலியர்ஸ் வூட், மோர்டன், சட்டன், குரொய்டன் என்று நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் எங்கே குடியிருந்தாலும், வாண்டில் ஆறு அவர்கள் வீட்டிலிருந்து நடந்தோ ஒரு பஸ் ஏறியோ போகிற தூரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் வகுப்பில் மகாவலி எங்கே தொடங்குகிறது, காவிரி எந்த ஊர்களைத் தொட்டுப் போகிறது என்று ஒப்புவிக்கிற பிள்ளையிடம் வாண்டிலைப் பற்றிக் கேட்டால், "அந்தக் கார்ப் பார்க்குக்குப் பின்னால் போகிற தண்ணீரா?" என்று கேட்கிறது. மகாவலியும் காவிரியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவை இருக்கட்டும். அவற்றோடு சேர்த்து ஒரு தவணையில் சில வாரங்களை இந்த ஆற்றுக்கு ஒதுக்குங்கள், தமிழில் சொல்லிக்கொடுங்கள், கடைசியில் ஒரு நாள் பிள்ளைகளைக் கரையோரமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

வாண்டில் பெரிய ஆறு இல்லை. காஷோல்டன் குளங்களிலும் குரொய்டன் பக்கத்து வாடன் குளங்களிலும் ஊற்றெடுத்து, சுமார் 14 கிலோமீட்டர் ஓடி, வாண்ட்ஸ்வர்த்தில் தேம்ஸில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இது சோக் ஆறு. அதாவது தெற்கே இருக்கிற நோர்த் டவுன்ஸ் குன்றுகளில் பெய்கிற மழை, சோக் என்கிற மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அதற்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து, வடிகட்டப்பட்டு, தெளிந்த நீராக அடிவாரத்தில் வெளியே வருகிறது. கோடையோ பனிக்காலமோ ஊற்றில் வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகையிலேயே நிற்கும். இப்படிப்பட்ட ஆறுகள் உலகம் முழுவதிலும் சுமார் 200தான் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்தில். அவற்றில் ஒன்று லண்டனுக்குள், தமிழ்க் கடைகள் இருக்கிற தெருக்களுக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்றால் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த நீரின் கணக்கு கொஞ்சமும் புதிதில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது, வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டும்தான் ஓடும். நமக்குக் கிடைத்த நீரெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான். அதுதான் வீட்டுக் கிணற்றிலும் நிலாவரையிலும் கீரிமலைக் கேணியிலும் வந்தது. சோக்கும் சுண்ணாம்புக் கல்தான், வயதும் இறுக்கமும் வேறு. நிலத்தடியிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும்: அங்கே கிணறு உவர்க்கும், இங்கே ஊற்று வற்றும். குரொய்டனும் சட்டனும் வளர வளரக் குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைத்ததில் காஷோல்டன் ஊற்றுகள் சோர்ந்து போய்விட்டன. இப்போது ஆற்றின் கீழ்ப் பகுதியிலிருந்து நீரை மேலே பம்ப் செய்து கொண்டுபோய்க் குளங்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குளக்கரையில் ஒரு பேரப்பிள்ளை நிற்கும்போது, கிணற்று மிதியில் ஏறி இறைத்த தாத்தா பக்கத்தில் இருந்தால், பாடத்தில் பாதியை அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

அடுத்தது தொழில். இந்தச் சின்ன ஆறு 30 மீட்டருக்கு மேல் உயரம் இறங்கி ஓடுகிறது, ஊற்று நீர் என்பதால் வருடம் முழுக்க ஓரளவு ஒரே சீராகவும் வருகிறது. ஆலைச் சக்கரம் சுழற்றுவதற்கு இதைவிட வசதி வேண்டாம். 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இதன் கரையில் தானியம் அரைக்கிற ஆலைகள் இருக்கின்றன. பிறகு துணி வெளுப்பு, சாயம், அச்சு, செம்புத் தகடு, எண்ணெய், காகிதம், தோல், மூக்குப்பொடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதன் அளவுக்கு உலகிலேயே அதிகம் வேலை வாங்கப்பட்ட ஆறு இதுதான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. மோர்டன் ஹோல் பார்க்கில் மூக்குப்பொடி ஆலைகளின் கட்டடங்களும் அரைத்த கற்களும் இன்னும் இருக்கின்றன; 1922 வரை அங்கே புகையிலை அரைத்தார்கள். அதன் உரிமையாளர் 1941இல் இறந்தபோது பூங்கா முழுவதையும் பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டார். அதனால்தான் இன்று கட்டணம் இல்லாமல் உள்ளே போக முடிகிறது.

ஆனால் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது துணிதான், ஏனென்றால் அந்தக் கதையின் மறுமுனை நம் கரையில் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனி சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக அச்சிட்ட, வரைந்த பருத்தித் துணிகளைக் கொண்டுபோனது. 1639இல் மதராசில் இடம் பிடித்ததற்கே முக்கியக் காரணம் அங்கே துணி மலிவாகவும் நிறையவும் கிடைக்கும் என்பதுதான். ஐரோப்பாவில் அதுவரை துணிக்குப் பூசிய வண்ணம் ஒரு துவைப்பில் போய்விடும். நம் சாயக்காரர்களுக்கோ படிகாரத்தைக் கொண்டு சாயத்தைப் பருத்தி நூலோடு பிடித்து நிறுத்தத் தெரியும், துவைக்கத் துவைக்க நிறம் துலங்கும். அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வேரைத் தோண்டுவதே அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது, அவ்வளவு மதிப்பு.

இங்கிலாந்துப் பெண்கள் இந்தத் துணிகளில் மயங்கியதும், கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700இல் போட்ட சட்டம் இந்தியாவிலிருந்து அச்சிட்ட துணி வருவதைத் தடுத்தது. ஆனால் வெறும் வெள்ளைத் துணி வரலாம். சரி, வெள்ளைத் துணியை வாங்கி இங்கேயே அச்சிடுவோம் என்று லண்டனைச் சுற்றியிருந்த பட்டறைகள் கிளம்பின, அந்தத் தொழில் வேர் பிடித்த முக்கியமான இடங்களில் ஒன்று வாண்டில் பள்ளத்தாக்கு. வெளுக்கவும் அலசவும் தெளிந்த நீர், விரித்துக் காயவைக்கத் தட்டையான புல்வெளி, பக்கத்தில் லண்டன் சந்தை. மிட்சம் பக்கத்து வெளிகளில் கால்வாய் கால்வாயாக வெட்டி, துணியை நீளமாக விரித்து, வாரக்கணக்கில் நீர் தெளித்து வெயிலில் வெளுத்தார்கள். நெசவாளர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. 1719இல் லண்டன் தெருக்களில் இந்தத் துணி உடுத்திப் போன பெண்களின் உடைகளைக் கிழித்தெறிகிற அளவுக்குக் கலகம் நடந்தது. 1721இல் அச்சிட்ட பருத்தி பெரும்பாலானதை உடுத்துவதையே தடைசெய்தார்கள், 1774 வரை அந்தத் தடை இருந்தது. அவ்வளவு காலமும் வாண்டில் கரைப் பட்டறைகள் லினனிலும் கலப்புத் துணியிலும் ஏற்றுமதிக்கான துணியிலும் அச்சுப் போட்டு உயிர் பிழைத்தன. சோழமண்டலத்துப் பூ வேலைப்பாட்டைப் பார்த்துப் போட ஆரம்பித்த அச்சு அது. இந்த ஆற்றின் தொழிலுக்குள் நம் மூதாதையரின் கைவினை இருக்கிறது. பிள்ளைக்கு இதைச் சொன்னால் "இந்த நாட்டுச் சரித்திரத்தில் நாங்கள் எங்கே" என்று அது கேட்கிற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

அகதிகள் கதையும் இதே கரையில்தான். பிரான்சில் புரட்டஸ்தாந்து மக்களுக்கு இருந்த பாதுகாப்பை 1685இல் பதினான்காம் லூயி பறித்ததும், ஹியூகனோ என்று அழைக்கப்பட்ட அந்த மக்கள் உயிருக்குப் பயந்து ஓடி வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வாண்ட்ஸ்வர்த்தில் குடியேறி, தொப்பி செய்தும், துணி வெளுத்தும், சாயம் போட்டும் இந்த ஆற்றை நம்பிப் பிழைத்தார்கள். வாண்ட்ஸ்வர்த் ஈஸ்ட் ஹில்லில் அவர்களுடைய பழைய இடுகாடு இன்னும் இருக்கிறது. 1983க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த இடத்தைக் கடந்து தினமும் பஸ்ஸில் போகிறார்கள். ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும்.

1881இல் புகழ்பெற்ற துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் தன் பட்டறைகளை வாண்டில் கரையிலிருக்கிற மேர்ட்டன் ஆபிக்குக் கொண்டுவந்தார். ரசாயனச் சாயங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு அவுரி நீலத்துக்கும் மாடர் என்கிற வேரின் சிவப்புக்கும் திரும்பினார், வாண்டில் நீர் மாடர் சாயத்துக்கு நன்றாகப் பொருந்தியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், மாடரும் நம் சாயவேரும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்கிற ஒரே பொருள். உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியலும் தமிழும் ஒன்றாகக் கிடைக்கிற பாடம் இது. மோரிஸ் தன் துணி வடிவமைப்பு ஒன்றுக்கு வாண்டில் என்றே பெயர் வைத்தார். அவருடைய பட்டறை 1940இல் மூடப்பட்டது. பக்கத்திலிருந்த அச்சுப் பட்டறையை லிபர்ட்டி என்கிற லண்டன் கடைக்காரர்கள் 1904இல் வாங்கி நீண்ட காலம் நடத்தினார்கள். இன்று மேர்ட்டன் ஆபி மில்ஸ் சந்தை இருக்கிற இடம் அதுதான், அங்கே நீர்ச்சக்கரம் இப்போதும் சுழல்கிறது.

இரும்புப் பாதையையும் விட்டுவிடக்கூடாது. வாண்ட்ஸ்வர்த்திலிருந்து குரொய்டன் வரை சரக்குக் கொண்டுபோக முதலில் கால்வாய் வெட்டத்தான் நினைத்தார்கள். ஆனால் கால்வாய்க்கு நீர் போனால் ஆலைகளுக்கு நீர் போதாது, ஆலைக்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் தண்டவாளம் போட்டுக் குதிரையை இழுக்க விடுவோம் என்று முடிவாகி, 1801இல் சட்டம் நிறைவேறி, 1803 ஜூலையில் சரே அயன் ரயில்வே திறக்கப்பட்டது. கட்டணம் கட்டினால் யாரும் தங்கள் வண்டியை ஓட்டலாம். நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த முதல் பொது ரயில்பாதை என்று இதைத்தான் சொல்கிறார்கள். நீராவி வந்ததும் மவுசு குறைந்து 1846இல் மூடிவிட்டார்கள், ஆனால் மிட்சத்துக்கும் வாடனுக்கும் இடையில் இன்றைய ட்ராம் பாதையின் ஒரு பகுதி அந்தத் தடத்திலேயே போகிறது. நம் பிள்ளைகள் தினமும் அதில் ஏறித்தான் பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.

கடற்படைத் தளபதி நெல்சன் 1801 முதல் 1805 வரை மேர்ட்டனில் வாழ்ந்ததும் இந்த ஆற்றில் தூண்டில் போட்டதும் ஆங்கிலப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள், அதை நாம் சும்மா தொட்டுவிட்டுப் போகலாம். ஆனால் மேர்ட்டன் மடாலயத்தைச் சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, 1538இல் எட்டாம் ஹென்றியால் இடிக்கப்பட்ட அந்த மடாலயத்தில்தான் 1236இல் மேர்ட்டன் சட்டம் என்கிற, இங்கிலாந்தின் மிகப் பழைய சட்டங்களில் ஒன்றாக எண்ணப்படும் சட்டம் பிறந்தது. அதன் கூடத்தின் அடித்தளம் இப்போது மெரண்டன் வே சாலைக்கு அடியில், நாம் வார இறுதியில் காரை நிறுத்திவிட்டு மளிகைச் சாமான் வாங்கப் போகிற பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கவும் முடியும், திறந்திருக்கும் நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி, ஆறு செத்த கதை. தொழிலும் குடியிருப்பும் பெருகப் பெருக, அழுக்கையெல்லாம் இந்த நீரில்தான் விட்டார்கள். 1930களில் ட்ரவுட் மீன் முற்றாக இல்லாமல் போனது. 1960களில் இது ஆறே இல்லை, திறந்த சாக்கடை என்றே அறிவிக்கப்பட்டுவிட்டது. அன்றைக்கு எந்தப் பட்டறை எந்தச் சாயத்தைக் கொட்டுகிறதோ அந்த நிறத்தில் தண்ணீர் ஓடும். குரொய்டனில் ஆற்றையே குழாய்க்குள் போட்டு மேலே மண்ணை மூடினார்கள்.

பிறகு சாதாரண ஊர்க்காரர்கள்தான் இறங்கினார்கள். மாதம் ஒரு முறை முழங்கால் மூடுகிற ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, டயர், சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி, மோட்டார் சைக்கிள் என்று டன் கணக்கில் வெளியே இழுத்துப் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் ட்ரவுட் முட்டை பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். தடுப்பணைகளை எடுத்து அல்லது மீனும் விலாங்கும் ஏறிப் போக வழி அமைத்து, அடியில் கூழாங்கல் பரப்பி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். 2012இல் குரொய்டன் வாண்டில் பூங்காவில் ஆற்றைத் தோண்டி மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ட்ரவுட் தானாகவே இனம் பெருக்குகிறது, மீன்கொத்தியும் வாலாட்டிக் குருவியும் நாரையும் வருகின்றன.

இதற்குள் இரண்டு பெரிய அடிகளும் விழுந்தன. 2007 செப்டெம்பரில் தேம்ஸ் வாட்டரின் பெடிங்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கலந்த நீர் ஆற்றில் இறங்கி ஆயிரக்கணக்கான மீன்களைக் கொன்றது, நிறுவனத்துக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. 2025 பெப்ரவரியில் சட்டன் பக்கத்துப் பஸ் பணிமனை ஒன்றிலிருந்து சுமார் 4,000 லீற்றர் டீசல் கசிந்து வந்து கலந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தபோது நாம் இங்கிருந்து எவ்வளவு கொதித்தோம், எத்தனை பேர் எழுதினோம், காசு சேர்த்தோம்! அது சரியானதே. அதே கோபம் நம் வீட்டுக்குப் பின்னால் நடந்ததற்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் இந்த ஆற்றை நாம் நம்முடையது என்று நினைப்பதில்லை. நினைக்கப் பழக்க வேண்டிய இடம் பள்ளிதான் என்று நம்புகிறேன்.

"தமிழ் படிக்க அனுப்புகிறோம், இங்கிலாந்துச் சரித்திரம் படிக்க இல்லை" என்று சில பெற்றோர் சொல்வார்கள். அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது, வாரத்தில் கிடைப்பதே இரண்டு மூன்று மணி நேரம். ஆனால் பிள்ளை தமிழில் சொந்தமாக எழுத வேண்டும் என்றால் அது கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். உழவர் பெருமை பற்றிப் போன வருடத்துக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதுகிற பிள்ளை, ஊற்று, மதகு, வாய்க்கால், வண்டல், பாசி, படிகாரம், சாயம் என்கிற சொற்களை ஆற்றங்கரையில் நின்று கற்றால் அவை வாயில் நிற்கும். தமிழ் என்பது ஊரையும் கோயிலையும் பற்றி மட்டும் கதைக்கிற மொழி, இந்த நாட்டைப் பற்றிச் சொல்ல ஆங்கிலம்தான் என்று பிள்ளைகள் தாங்களாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவை நாம்தான் உண்டாக்கினோம்.

நடைமுறைக்கு வருகிறேன். கொலியர்ஸ் வூட் நிலையத்தில் கூடி, வாண்டில் பூங்கா வழியாக மேர்ட்டன் ஆபி மில்ஸ் போய், நீர்ச்சக்கரத்தைப் பார்த்து, ஆற்றோரப் பாதையிலேயே மோர்டன் ஹோல் பார்க் வரை நடந்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் களைக்காது, வழியில் கழிப்பறை, தேநீர்க் கடை எல்லாம் உண்டு. மூத்த வகுப்புகளைக் காஷோல்டன் குளங்களுக்குக் கூட்டிப் போகலாம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், கரையில் எதையாவது தொட்டால் சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வைக்க வேண்டும், கனமழை பெய்த மறுநாள் போகாமல் இருப்பது நல்லது. மாதாந்தத் துப்புரவில் பெரியவர்கள் சேர்ந்துகொள்ளலாம், அங்கே நம் முகங்கள் மிகக் குறைவு.

இன்னொன்று, இது மண்டபங்களில் விழா நடத்துகிற எல்லோருக்கும். சமைத்து முடித்த எண்ணெயையும் பாத்திரம் கழுவிய நீரையும் தெருவோர வடிகாலில் ஊற்ற விடாதீர்கள். அந்தத் தெரு வடிகால்களில் பல, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஆற்றுக்குப் போகின்றன. எண்ணெயைக் கலனில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம். ஆண்டு விழாவுக்கு முன் சமையல் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செப்டெம்பரில் புது வருட வகுப்புகள் தொடங்குவதற்கு முன் உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். கீழ் வகுப்புக்கு ஒன்றும் மேல் வகுப்புக்கு ஒன்றுமாக இரண்டு பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர நான் தயார், நடைபயணத்துக்கும் கூட வருவேன். எந்தப் பள்ளி முதலில் செய்தாலும் அந்தக் குறிப்புகளை மற்றப் பள்ளிகளுக்கும் கொடுங்கள். திருத்த வேண்டியதைத் திருத்தி, உங்கள் பக்கத்துக் கரையில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மிட்சத்தில் குடியிருக்கும் ஒரு பெற்றோர்